படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது இடங்களைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 30 வருடம் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். 40 வீடுகள் உள்ள குடியிருப்பில் 16 வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் வாசலுக்கு வெளியே ஒரு செருப்பு ஸ்டாண்ட் வைத்தார்கள். பிறகு அதன் மேல் பூந்தொட்டிகள் வந்தன. இப்போது படி திரும்பும் இடத்தில் பழைய பீரோ ஒன்று நிற்கிறது. கேட்டால், “ஆள் போக இடம் இருக்கே அக்கா” என்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், சண்டை போட மனம் வரவில்லை. நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனோ?
(ஒரு வாசகி, மூன்றாம் மாடி)

பதில்: இல்லை அம்மா. “ஆள் போக இடம் இருக்கிறது” என்பது பகலில், விளக்கு எரியும்போது, ஒரே ஒருவர் கையை வீசிக்கொண்டு நடக்கும்போது உண்மை. அந்த நேரத்துக்காக மட்டும் யாரும் படிக்கட்டு கட்டுவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டினார்கள். நான்காம் மாடிப் பெரியவருக்கு நெஞ்சுவலி. கரண்ட் இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. அவருடைய மகனும் நானும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மருமகள் பின்னால் இருந்து செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் மகனின் சைக்கிள் நின்றது. கீழே மழையில் நனைகிறது, இரண்டு நாள் இங்கே இருக்கட்டும் என்று நான்தான் அதை அங்கே நிறுத்தியிருந்தேன். அப்படி நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது.

நாற்காலியின் முன்கால் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. படியில் சாய்வாக நிற்கிறோம். கீழே வைக்கவும் முடியவில்லை, பின்னால் இழுக்கவும் முடியவில்லை. பெரியவரின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்த கை. மருமகள் எங்களுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து வந்து, சைக்கிளைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நகர முடிந்தது. நகரும்போது பெடல் பெரியவருடைய முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. மொத்தமே ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவர் பிழைத்தார், அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். ஒரு நாள்கூட அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அவர் காலை நீட்டி உட்காரும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் கண்ணில் படும்.

அதனால் உங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் விதியைப் பேசாதீர்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் வெறும் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், “தம்பி, அவசரத்துக்கு ஒருத்தரை இப்படித் தூக்கிக்கிட்டு இறங்க முடியுதான்னு ரெண்டு பேருமா பார்த்துடலாமா?” என்று கேளுங்கள். ஆளை உட்காரவைக்க வேண்டாம். காலி நாற்காலியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தரைத்தளம் வரை போனால் போதும். நான் செயலாளராக இருந்தபோது ஒவ்வொரு மாடியிலும் இதைச் செய்தேன். பொருள் வைத்திருந்தவர்களே முன்பக்கம் பிடித்தார்கள். எங்கே இடிக்கிறது என்று கை சொல்லிவிடும். அதன் பிறகு வாதத்துக்கு வேலை இருக்காது. இரண்டு பேர் அன்று சாயங்காலமே பொருளை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு மாதம் இழுத்தார்.

இன்னொன்று, பீரோவை எடுக்கச் சொல்லும்போதே அது எங்கே போகும் என்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். பலர் வீம்புக்காக வெளியே வைப்பதில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் வைக்கிறார்கள். பழைய சாமான் எடுப்பவரை ஒரு நாள் வரச்சொல்லி எல்லா வீட்டுக்கும் தகவல் சொன்னால் பாதி படிக்கட்டு காலியாகிவிடும்.

சங்கத்தில் “சின்னப் பொருள் என்றால் பரவாயில்லை” என்று மட்டும் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். எது சின்னது என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. உங்கள் எதிர்வீட்டிலும் செருப்பு ஸ்டாண்டில்தானே ஆரம்பித்தது? படியிலும் திருப்பத்திலும் ஒன்றுமே கூடாது என்பதுதான் எல்லோருக்கும் புரியும் விதி.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்கு முன்னால் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு இருக்கிறது. காற்றே வருவதில்லை, குழந்தைகளுக்குத் தள்ளவும் முடியவில்லை. அதனால் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறோம். பகலில் மட்டும் திறந்து வைக்கலாமா?
(ஒரு குடும்பத் தலைவர், ஆறாம் மாடி)

பதில்: வேண்டாம் ஐயா. செங்கலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அந்தக் கதவின் முக்கியமான வேலை புகையைத் தடுப்பது. தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. கதவு திறந்திருந்தால் படிக்கட்டுக்கூடு முழுவதும் புகைபோக்கியாகிவிடும். கீழே பிடித்த தீயின் புகை நேராக உச்சி மாடிக்குப் போகும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2022 ஜனவரி 9 அன்று 19 மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. அறையைச் சூடாக்கும் மின்கருவி ஒன்றுதான் காரணம். தீ பிடித்த வீட்டையும் அதை ஒட்டிய நடைபாதையையும் தாண்டி அது பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லோரும் புகையால் இறந்தவர்கள். தப்பி ஓடியவர்கள் பின்னால் தானாக மூடியிருக்க வேண்டிய வீட்டுக் கதவு மூடவில்லை. 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்றும் திறந்து கிடந்தது. லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்த தீயில் 72 பேர் இறந்ததற்குக் காரணங்கள் பல. அந்த விசாரணையிலும், பல வீட்டுக் கதவுகளில் தானே மூடும் கருவி வேலை செய்யாமலோ இல்லாமலோ இருந்தது, அதனால் புகை நடைபாதைகளில் புகுந்தது என்று கண்டறிந்தார்கள். அதன் பிறகு இங்கிலாந்தில், 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில் பொதுப் பகுதியின் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கதவை முழுவதும் திறந்து கையை எடுங்கள். பிறகு ஒரு சாண் அளவு மட்டும் திறந்து கையை எடுங்கள். இரண்டு தடவையும் கதவு தானாக வந்து, “க்ளிக்” என்று தாழ் விழ வேண்டும். சாத்தின மாதிரி வந்து தாழ் விழாமல் நின்றாலும் அது மூடாத கதவுதான். கதவு விளிம்பில் ஒரு பட்டை ஓடும். சூடு பட்டதும் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்வது அதன் வேலை. அது உரிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

குழந்தைகள் தள்ள முடியவில்லை என்பது நியாயமான குறை. மேலே இருக்கும் கருவியின் வேகத்தையும் இறுக்கத்தையும் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம், ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். கதவு திறந்தே இருந்தாக வேண்டும் என்றால், அலாரம் அடித்த நொடியில் பிடியை விட்டுவிடும் மின்காந்தப் பிடிப்பு இருக்கிறது. அந்தச் செலவைச் சங்கம் யோசிக்கலாம். செங்கலுக்கு அலாரம் கேட்காது.

கேள்வி: சார், என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து, எங்கள் மாடி நடைபாதையில் இருக்கும் பொது பிளக்கில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறேன். பக்கத்து வீட்டு மாமா தினமும் திட்டுகிறார். வீட்டுக்குள் போட பயமாக இருப்பதால்தான் வெளியே போடுகிறேன். கரண்ட் செலவைக்கூடச் சங்கத்தில் கட்டிவிடுகிறேன்.
(ஓர் இளைஞர், ஐந்தாம் மாடி)

பதில்: தம்பி, “வீட்டுக்குள் போட பயமாக இருக்கிறது” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் சரியானது. ஆனால் நீங்கள் பயந்த பொருள் இப்போது உங்கள் மாடியில் இருக்கும் எல்லோரும் வெளியேறும் ஒரே வழியில் இருக்கிறது. மாமாவின் கோபம் காசைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் சூடாகிக் கெட்டுப்போனால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். அது அடுத்ததை, அது அதற்கு அடுத்ததை. சில விநாடிகளில் எரியும் வாயு பீறிட்டு வரும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் இருக்கும். மாடியில் மாட்டியிருக்கும் தூள் தீயணைப்பான் மேலே எரியும் ஜுவாலையை அமுக்கலாம். உள்ளே இருக்கும் சூட்டை அது தணிக்காது, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டு மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சார்ஜ் போட இடம் கேளுங்கள். பார்க்கிங்கில், காற்றோட்டமாக, படிக்கட்டு வாயிலிலிருந்தும் லிஃப்டிலிருந்தும் தள்ளி, தனி பிரேக்கரும் தனி மீட்டரும் வைத்து ஒரு சார்ஜிங் இடம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். அது ஷாக்கிலிருந்து காப்பாற்றும். பேட்டரி தன்னால் எரிவதை அது தடுக்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஒயரைச் சுருட்டி வைத்துச் சார்ஜ் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுருட்டிய ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதிலேயே பிளாஸ்டிக் இளகிப்போன பாக்ஸ்களை என் கையால் கழற்றியிருக்கிறேன்.

வண்டியோடு வந்த சார்ஜரையே போடுங்கள். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியைச் சோதிக்காமல் சார்ஜ் போடாதீர்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். உப்பல், வழக்கத்துக்கு மாறான வாசனை, சீறும் சத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் பேட்டரியைத் தூக்கப் போகாமல் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு விலகி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

பார்க்கிங்கில் இடம் கேட்டுச் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் மாமாவிடமும் கையெழுத்து வாங்குங்கள். சந்தோஷமாகப் போடுவார்.

கேள்வி: லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மூச்சு முட்டுமா? கதவை நெம்பித் திறந்து குதித்துவிடலாம் என்கிறான் என் பேரன்.
(ஒரு பாட்டி)

பதில்: மூச்சு முட்டாது அம்மா. லிஃப்ட் பெட்டியில் காற்று வர வழி வைத்துத்தான் செய்கிறார்கள். அறுந்து விழுமோ என்ற பயமும் வேண்டாம். ஒரு கயிறு இல்லை, பல கயிறுகள் தாங்குகின்றன. வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக்கும் தனியாக இருக்கிறது. 1850களிலேயே எலைஷா ஓட்டிஸ் என்பவர் நியூயார்க்கில் கூட்டத்துக்கு முன்னால் தானே மேடையில் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது அந்தப் பிரேக்கைத்தான்.

ஆபத்து பேரன் சொல்லும் யோசனையில்தான் இருக்கிறது. இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் பெட்டியிலிருந்து குதித்தால், பெட்டிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டிருக்கும் பள்ளத்தில் விழலாம். ஏறிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தாலும் போச்சு. மணியை அழுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்ளச் சொல்லுங்கள். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் எடுக்க ஆளில்லாத எண்ணாகவும் இருக்கலாம்.

கேள்வி: லிஃப்டுக்குப் பக்கத்து மூலையில் யாரோ ஒரு குப்பைப் பையை வைக்கிறார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அங்கே ஆறு பை. “இங்கே குப்பை போடாதீர்” என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. கேமரா வைக்கலாமா?
(ஒரு சங்கப் பொருளாளர்)

பதில்: கேமராவுக்கு முன்னால் அந்த முதல் பையைப் பற்றி யோசியுங்கள். மற்ற ஐந்து பைகளும் அதைப் பார்த்துத்தான் வந்தன.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஒரு சோதனை செய்தார்கள், 2008இல் அது வெளியானது. சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு விளம்பரத் தாளை மாட்டிவைத்தார்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 சதவீதம் பேர் போட்டார்கள். அதே சந்து, அதே மாதிரி மனிதர்கள். கிறுக்கக் கூடாது என்ற அறிவிப்பும் அங்கே இருந்தது. அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அதை மீறிய அடையாளம் இருந்தால் அறிவிப்புக்கு மதிப்பில்லை. உங்கள் மூலையில் நடப்பதும் இதுதான்.

எங்கள் கட்டடத்தில் அந்த மூலையை நாங்கள் இப்படி மீட்டோம். முதலில் அங்கே ஒரு நல்ல விளக்குப் போட்டேன், அதுவரை அது இருட்டு மூலை. சுவரை அடிவரை வெள்ளையடித்தோம். பிறகு ஒரு மாதம், இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை, காலை ஆறுக்கு ஒரு முறை நானோ பொருளாளரோ போய்ப் பார்ப்போம். பை இருந்தால் அப்போதே கீழே தொட்டிக்குப் போகும். முதல் வாரம் தினமும் எடுத்தோம். மூன்றாம் வாரத்தில் இரண்டு பைதான்.

எடுக்கும்போது விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் பையை வைத்தவர் இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒரு பெண். குப்பை எடுக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கவே முடியாது. கீழே மூடிபோட்ட தொட்டி ஒன்றை எந்த நேரமும் குப்பை போடும்படி வைத்ததும் அவர் பிரச்சினை தீர்ந்தது. கேமரா வைத்திருந்தால் அவரைப் பிடித்து அவமானப்படுத்தியிருப்போம். அது நடக்காமல் போனதில் எனக்கு இன்றும் நிம்மதி.

கேள்வி: படி துடைத்த ஈரத்தில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படி துடைப்பதையே நிறுத்தச் சொல்லலாமா என்று கோபம் வருகிறது.
(ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது தம்பி. அம்மா சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும்.

துடைக்கத்தான் வேண்டும், துடைக்கும் முறையை மாற்றுங்கள். படியின் அகலத்தை இரண்டாகப் பிரித்து, முதலில் கைப்பிடி இல்லாத பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே துடைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிப் பக்கம் காய்ந்தே இருக்கும், வயதானவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். அந்தப் பாதி காய்ந்த பிறகு மறுபாதி. கூடுதலாகக் கால்மணி நேரம் ஆகும். ஈரத்தைவிட மோசமானது சரியாக அலசாத சோப்பு நீர். அது காய்ந்து ஒரு படலமாக நிற்கும்; அடுத்த தடவை யாராவது ஈரக்காலோடு வந்தால் மறுபடி வழுக்கும். சோப்பைக் குறைத்து, சுத்தமான தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

படி விளிம்பு எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் வயதான கண்ணுக்கு எது முனை என்று தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நிறம் மாறித் தெரியும் சொரசொரப்பான பட்டை ஒட்டச் சொல்லுங்கள். முதல் படியிலும் கடைசிப் படியிலும் கண்டிப்பாக. கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டியும் கொஞ்சம் நீளவேண்டும். பல கட்டடங்களில் ஒரு படி மீதம் இருக்கும்போதே அது முடிந்துவிடுகிறது, கால் தடுமாறுவதும் அந்தப் படியில்தான்.

கேள்வி: மொட்டை மாடியில் பழைய டயர், உடைந்த வாளி, காலித் தொட்டிகள். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கவிழ்த்துவிடுகிறோம். ஆனாலும் பகலிலேயே கொசு கடிக்கிறது.
(ஒரு மாணவி)

பதில்: பகலில் கடிப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவாக இருக்கலாம் மகளே. அது முட்டையைத் தண்ணீருக்குள் போடாது, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைக்கும். நீங்கள் தண்ணீரைக் கவிழ்த்த பிறகும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் நின்றதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்வரை ஆகும். அதனால் வாரம் ஒரு முறை கவிழ்ப்பதோடு உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டும். தேவையில்லாத டயரையும் வாளியையும் அப்புறப்படுத்துவது அதைவிட நல்லது. தண்ணீர்த் தொட்டி மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 62 பேர். நான்காம் மாடி விளக்கு எரியவில்லை என்று மூன்று வாரமாக யாராவது ஒருவர் போட்டுக்கொண்டே இருக்கிறார். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். விளக்கு இன்னும் இருட்டுத்தான்.
(புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு செயலாளர்)

பதில்: 62 பேர் இருப்பதுதான் காரணம் ஐயா. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். மூன்று பேராக உட்கார்ந்திருந்தபோது, அந்தக் குழுக்களில் 38 சதவீதத்தில்தான் யாராவது ஒருவராவது சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் புகை வரும்போதே இப்படி என்றால், எரியாத விளக்குக்கு யார் எழுந்திருப்பார்கள்? எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, பெயரையும் நாளையும் சேர்ப்பது. “யாராவது கவனிக்கவும்” என்று போடாதீர்கள். “நான்காம் மாடி விளக்கு: பொருளாளர் வியாழக்கிழமைக்குள் மாற்றுகிறார்” என்று, முதலில் அவரிடம் போனில் பேசி ஒப்புக்கொள்ளவைத்துவிட்டு, பிறகு குழுவில் போடுங்கள். வெள்ளிக்கிழமை எரியும் விளக்கின் படத்தையும் போடுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒருவரை மூன்று மாதத்துக்கு மாடிப் பொறுப்பாளர் ஆக்குங்கள். அவர் சரிசெய்ய வேண்டாம், மாதத்தின் முதல் ஞாயிறு தன் மாடியைப் பார்த்துச் சொன்னால் போதும். கதவு சாத்துகிறதா, விளக்கு எரிகிறதா, தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, அதன் பாதுகாப்புப் பின் சரியாக இருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா, மீட்டர் அறையில் அட்டைப்பெட்டி யாராவது அடுக்கியிருக்கிறார்களா. ஐந்து நிமிட வேலை. குழந்தைகள் இருக்கும் மாடியில் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தை நுழைந்துவிடும்.

தீயணைப்பானை எல்லோரும் ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்கட்டும். பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, அழுத்தி, இப்படியும் அப்படியும் வீச வேண்டும். கையில் தூக்கும் அளவுள்ள தூள் சிலிண்டர் பதினைந்து இருபது விநாடியில் தீர்ந்துவிடும். லேபிளைப் படித்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது. முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இல்லாமல் அணைக்கப் போகவே கூடாது.

கேள்வி: என் அம்மா ஒரு அடுக்குமாடியில் துப்புரவு வேலை செய்கிறார். குப்பைப் பையில் இருந்த உடைந்த கண்ணாடி கையைக் கிழித்து நான்கு தையல். போன மாதம் படி கழுவும்போது புகை மாதிரி ஏதோ வந்து இருமி இருமி உட்கார்ந்துவிட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். நீங்கள் குடியிருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறீர்கள். எங்களுக்கும் பதில் சொல்வீர்களா?
(ஒரு மகள்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன் அம்மா. இதை முதலில் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் புகை பெரும்பாலும் குளோரின் வாயுவாக இருக்கும். ப்ளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே வாளியிலோ, ஒன்றைக் கழுவாத இடத்தில் இன்னொன்றையோ ஊற்றினால் அது கிளம்பும். இன்னும் பளிச்சென்று ஆகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது, லேபிள் இல்லாத பாட்டிலில் யார் ஊற்றிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அப்படி வாசனை வந்தால் வாளியை விட்டுவிட்டு உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். இருமல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகவேண்டும், மறைக்கக் கூடாது.

இதைப் படிக்கும் குடியிருப்பவர்களே, உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே “கண்ணாடி” என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். பிளேடும் ஊசியும் மூடியுள்ள டப்பாவில் போகட்டும். கையுறை வாங்கும் காசு சங்கத்துடையது, அந்த அம்மாவுடையது இல்லை. துப்புரவுப் பொருள்களை வாங்குபவரே எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் கட்டடத்தில் துப்புரவு செய்பவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார் என்று இன்று போய்ப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் அவர் ஜெனரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கே நான்கு வருடம் தெரியாமல் இருந்தது.

மகளே, அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியும் தெரியும். எந்தக் கதவு சாத்துவதில்லை, எந்தப் படியில் எல்லோரும் தடுக்குகிறார்கள், கண்ணாடி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று எந்தச் செயலாளரையும்விட நன்றாகத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அடுத்த இதழில் அதைத்தான் முதலில் போடப்போகிறேன்.